அப்பாவின் முதுகிலுள்ள தடிப்புகள்: இரண்டு பயாப்ஸி அறிக்கைகள் ஏன் மாறுபடுகின்றன?

தெம்பனிஸ் மகள்

வணக்கம். என் தந்தைக்கு 58 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் அவருடைய முதுகின் மேற்புறத்தில் இரண்டும் இடது மேற்கையில் ஒன்றுமாக மூன்று தடிப்புகள் தோன்றின. அரிப்போ வலியோ இல்லை. அப்போது எங்கள் புளோக்கில் டெங்கிச் சோதனை நடந்துகொண்டிருந்ததால், கொசுக்கடி என்றே எண்ணிக் கோடாலித் தைலம் தடவிக்கொண்டு இருந்துவிட்டார். தடிப்புகள் மறையாததால் அருகிலிருந்த ஒரு தனியார் மருந்தகத்துக்குச் சென்றோம். அங்கே ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். நான்கு மாதம் பூசினார். ஒன்று அமுங்கிப் பிறகு அதே இடத்தில் திரும்பி வந்தது. அதன்பின் அங்கேயே தோலை மேலோட்டமாகச் சீவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். "வினைபுரிந்த லிம்பாய்டு செல்களின் திரள், லிம்போமாவுக்கு உறுதியான சான்று இல்லை" என்று அறிக்கை வந்தது. லிம்போமா என்பது வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய் வகை என்பதால், அது இல்லையென்று நாங்கள் நிம்மதியடைந்தோம்.

ஆறு மாதம் கழித்தும் தடிப்புகள் அப்படியே இருந்ததால், பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சிறப்பு மருத்துவரிடம் சென்றோம். அவர் 5 மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் ஆழமாகத் திசு எடுத்தார். இம்முறை வந்த அறிக்கை, "பிளாஸ்மா செல்களில் கப்பா வகை மட்டுமே காணப்படுகிறது, தோலின் மார்ஜினல் ஜோன் லிம்போமாவோடு ஒத்துப்போகிறது, உடற்குறிகளோடும் ஸ்கேனோடும் சேர்த்து முடிவு செய்க" என்கிறது.

ஒரே மனிதரின் ஒரே தடிப்பைப் பற்றி இரண்டு அறிக்கைகள் இப்படி எதிரெதிராக இருக்க முடியுமா? "ஒத்துப்போகிறது" என்ற சொல்லை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது? மெதுவாக வளரும் வகை என்று சொல்லிவிட்டு உடல் முழுவதற்கும் பெட்-சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது ஏன்? என் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இது புற்றுநோயா, இல்லையா? அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நுண்ணோக்கி

அன்புள்ள சகோதரி, நான் திசுநோயியல் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் தந்தைக்கு என்ன நோய் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இத்தகைய திசுக்களை வெட்டி, சாயமேற்றி, கையொப்பமிடும் மருத்துவர்களின் மேசையில் கொண்டுபோய் வைத்தவள் என்பதால், அந்த அறிக்கைகள் எப்படி உருவாகின்றன என்பதைச் சொல்ல முடியும்.

உங்கள் இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதல் அறிக்கை, தன் கைக்கு வந்த திசுவில் கண்டதைச் சொன்னது. கைக்கு வந்த திசுதான் போதவில்லை. லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் பி செல், டி செல் என இரு முக்கிய வகைகள் உண்டு; உங்கள் இரண்டாம் அறிக்கை சொல்வது பி செல்லில் எழும் லிம்போமா. அது தோலில் தோன்றும்போது மேல்தோலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மேல்தோலுக்குக் கீழே மெல்லிய வெற்றிடம்போல ஒரு பட்டையை விட்டுவிட்டு, நடுத்தோலின் அடிப்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள கொழுப்பிலும்தான் அது அடர்ந்திருக்கும். மேலாகச் சீவி எடுக்கும்போது அந்த அடிப்பகுதி உடலிலேயே தங்கிவிடுகிறது. போதாததற்கு, நான்கு மாதம் பூசிய ஸ்டீராய்டு லிம்போசைட் செல்களைக் கரைத்து, இருந்த அமைப்பையும் கலைத்திருக்கக்கூடும். எனவேதான் கொழுப்பு வரை செல்லும் 4 மில்லிமீட்டருக்குக் குறையாத பஞ்ச் மாதிரியையோ, அதைவிட நல்லதாகக் கத்தியால் நீள்வட்டமாக வெட்டியெடுத்த துண்டையோ ஆய்வகத்தார் விரும்புவார்கள். கிடுக்கியால் நசுங்கிய திசுவாக இருந்தால், எவ்வளவு நல்ல சாயமிட்டாலும் பயனில்லை. லிம்போசைட்டுகள் அவ்வளவு எளிதில் சிதையும்.

இனி, நுண்ணோக்கியின் கீழே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இந்த நோயில் தனியொரு செல்லைப் பார்த்து "இது கெட்டது" என்று கை காட்ட முடியாது. மார்ஜினல் ஜோன் வகையின் செல்கள் சிறியவை, அமைதியான தோற்றமுடையவை, சாதாரண லிம்போசைட்டோடு எளிதில் குழப்பத்தக்கவை. எனவே மருத்துவர் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒட்டுமொத்த அமைப்பைப் பார்ப்பார். பூச்சிக்கடி போன்ற காரணங்களால் தோலில் உருவாகும் போலி லிம்போமாவில் ஜெர்மினல் சென்டர் எனப்படும் முளைமையங்கள் ஒழுங்காக இருக்கும்: ஒரு பக்கம் கருமையாகவும் மறுபக்கம் வெளிறியும் இரு துருவமாகப் பிரிந்திருக்கும், இறந்த செல்களை விழுங்கிய பெருவிழுங்கிகள் இடையிடையே வெண்புள்ளிகளாகத் தெரியும், வேகமாகப் பிரியும் செல்களைக் காட்டும் கேஐ-67 சாயம் அங்கே பளிச்சென்று ஏறும். தோலில் வரும் மற்றொரு பி செல் வகையான ஃபாலிக்கிள் சென்டர் லிம்போமாவில் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். துருவங்கள் இரா, பெருவிழுங்கிகள் இரா, கேஐ-67 எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. மார்ஜினல் ஜோன் வகையிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. முளைமையங்கள் பெரும்பாலும் நல்லவையாகவே இருக்கும். அவற்றைச் சூழ்ந்துள்ள வெளிறிய செல்களிலும், கூட்டத்தின் ஓரங்களில் ஒதுங்கி நிற்கும் பிளாஸ்மா செல்களிலும்தான் நோய் இருக்கிறது. மேலாகச் சீவிய துண்டில் முளைமையம் மட்டும் அகப்பட்டால் யாராலும் "வினைபுரிந்த திரள்" என்றுதான் எழுத முடியும்.

அந்தப் பிளாஸ்மா செல்களை வைத்துத்தான் உங்கள் இரண்டாவது அறிக்கை பேசுகிறது. நம் உடலில் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் செல்களில் கப்பா வகையும் லாம்டா வகையும் கலந்திருக்கும். பொதுவாகக் கப்பா ஏறத்தாழ இரு மடங்கு. தொற்றையோ கடியையோ எதிர்க்கத் திரண்ட கூட்டமாக இருந்தால் இரண்டும் கலந்தே வரும். ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டமாக இருந்தால் எல்லாச் செல்களும் ஒரே வகையைச் சுரக்கும். கப்பா மட்டும் இருக்கிறது, லாம்டா அறவே இல்லை என்பது ஆகவே கனமான சான்று. ஆனால் எந்த முறையில் அதைக் கண்டார்கள் என்று கேளுங்கள். புரதத்துக்குச் சாயமிடும் முறையில், இரத்தத்திலிருந்து கசிந்து பரவிய புரதமும் நிறமேறிப் பின்னணியைக் குழப்பும். செல்லுக்குள் இருக்கும் ஆர்என்ஏவைத் தேடும் இன்-சிட்டு ஹைபிரிடைசேஷன் முறையில் அந்தக் குழப்பம் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிக்கையில் "டி செல்கள் மிகுந்துள்ளன" என்ற வரியைக் கண்டு பலர் இது பி செல் நோய் அல்ல என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் மார்ஜினல் ஜோன் வகையில் துணையாக வந்த டி செல்களே எண்ணிக்கையில் மிகுந்திருப்பது உண்டு. அதைப் போலவே பிசிஎல்-2 என்ற புரதத்தைக் காட்டும் சாயமும் ஏமாற்றும். டி செல்கள் இயல்பாகவே அந்தச் சாயத்தை ஏற்பவை. எனவே பிசிஎல்-2 ஏறிய செல் எது என்று டி செல்லைக் காட்டும் சிடி3, பி செல்லைக் காட்டும் சிடி20 ஸ்லைடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே அதற்குப் பொருள் சொல்ல முடியும்.

"ஒத்துப்போகிறது" என்ற சொல்லைக் கண்டு மனம் வருந்தாதீர்கள். அது நழுவும் சொல் அல்ல. திசு தன்னால் இயன்ற வரை சொல்லிவிட்டது, மீதியை நோயாளியின் உடலில்தான் தேட வேண்டும் என்பதை அந்த மருத்துவர் நேர்மையாக எழுதியிருக்கிறார்.

உட்லண்ட்ஸ் வாசகர்

சகோதரி, எனக்கு வந்தது ஃபாலிக்கிள் சென்டர் வகை. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே இரண்டு கட்டிகள். தேக்காவில் வழக்கமாக முடி திருத்தும் அண்ணன்தான் முதலில் கையில் தட்டுப்பட்டதாகச் சொன்னார். இது ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை.

என் முதல் அறிக்கையில் "பெரிய செல்கள்" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இணையத்தில் தேடி, வேகமாகப் பரவும் பெருஞ்செல் லிம்போமா என்று நானாகவே முடிவு செய்து மூன்று இரவுகள் தூங்கவில்லை. பிறகு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தோலின் ஃபாலிக்கிள் சென்டர் வகையில் பெரிய செல்கள் இருப்பது வழக்கம்தான். தலை, கழுத்து, உடற்பகுதி ஆகிய இடங்களில் அது வருவதும் வழக்கம். அவர் கவனித்தது வேறு இரண்டு விஷயங்களை. செல்லின் வகையைக் காட்டும் சாயங்களில் பிசிஎல்-6 ஏறியிருந்தது. பிசிஎல்-2, மம்-1 இரண்டும் ஏறவில்லை. பிசிஎல்-2 வலுவாக ஏறியிருந்தால், நிணநீர்க் கணுவில் தொடங்கிய ஃபாலிக்குலர் லிம்போமா தோலுக்கு வந்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும் என்றார். ஸ்கேனில் வேறெங்கும் ஒன்றுமில்லை. எலும்பு மஜ்ஜையும் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம்.

கதிர்வீச்சு மொத்தம் 24 கிரே, பன்னிரண்டு நாள். அந்த இடத்தில் முடி மெலிந்துவிட்டது, வேறு தொல்லை இல்லை. பி செல்களை அழிக்கும் ரிடுக்ஸிமேப் ஊசி பற்றியும் பேச்சு வந்தது. அதற்கு முன் ஹெப்படைடிஸ் பி சோதனை கட்டாயம் என்றார்கள், ஏனென்றால் உடலில் உறங்கும் அந்தக் கிருமியை அந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். உங்கள் தந்தைக்கு ஊசி தேவைப்படாமலே போகலாம், ஆனாலும் அந்தச் சோதனையை இப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எங்கள் தலைமுறையில் தடுப்பூசி போடாதவர்கள் பலர்.

தோல்நோய் மருத்துவன்

தெம்பனிஸ் சகோதரிக்கு வணக்கம். தந்தையை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். நுண்ணோக்கி அம்மா திசுவைப் பற்றிச் சொன்னது முழுதும் சரி. அவர் சுட்டிய "மீதி" எங்கே இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

பாடநூல்கள் இந்தத் தடிப்புகளை இளஞ்சிவப்பு, ஊதா என்று வருணிக்கின்றன. அந்த வருணனை வெண்ணிறத் தோலைப் பார்த்து எழுதியது. நம்மவர்களின் தோலில் அவை பழுப்பாகவோ, சுற்றியுள்ள நிறத்தைவிடச் சற்றே கருத்தோ தெரியும். சில வேளை நிறமாற்றமே தெரியாது. பூதக்கண்ணாடி போன்ற டெர்மோஸ்கோப் கருவியில் தெரிய வேண்டிய சால்மன் நிறப் பின்னணியும் நம் தோலில் மங்கிவிடும். எனவே கண்ணைவிட விரலை நம்ப வேண்டும்: பக்கவாட்டு வெளிச்சத்தில், உச்சந்தலை, காதுமடல், முதுகு, கால்கள் வரை தடவிப் பார்க்க வேண்டும். மூன்று என்று நீங்கள் எண்ணியது ஐந்தாக இருக்கலாம். புதிதாகத் தென்படுவதைத் தேதியோடு கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

போலி லிம்போமாவுக்கான காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்க வேண்டும். பச்சை குத்திய இடமா, தடுப்பூசி போட்ட இடமா, வலிப்பு மருந்து போன்ற எதையாவது புதிதாகத் தொடங்கினாரா என்றெல்லாம் கேட்பார்கள். தங்கத் தோடு குத்திய காதுமடலில் இத்தகைய கட்டி வந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. உண்ணிக்கடியால் பரவும் போரீலியா என்ற நுண்ணுயிரோடு இந்த நோயை இணைத்து இணையத்தில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவின் சில பகுதிகளில் கண்ட தொடர்பு. ஆசியாவில் அது உறுதிப்படவில்லை, உண்ணிக்கடியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பெட்-சிடி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். "தோலில் தோன்றிய" என்ற அடைமொழியை எந்த நுண்ணோக்கியாலும் வழங்க முடியாது. இரைப்பையிலோ உமிழ்நீர்ச் சுரப்பியிலோ கண்ணைச் சுற்றியோ தொடங்கிய மார்ஜினல் ஜோன் லிம்போமா தோலுக்கு வந்தாலும், ஸ்லைடில் ஏறத்தாழ இப்படித்தான் தெரியும். நோயறியும் வேளையில் தோலுக்கு வெளியே வேறெங்கும் இல்லை என்று உறுதியான பிறகே அந்த அடைமொழி பொருந்தும். ஸ்கேன் நோயின் பரவலை அளப்பதற்கு மட்டுமல்ல, அது நோயறிதலின் ஒரு பகுதியும் ஆகும். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரத்தத்திலுள்ள எல்டிஹெச் என்ற நொதியின் அளவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். எலும்பு மஜ்ஜைச் சோதனையில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு: ஃபாலிக்கிள் சென்டர் வகையில் பலர் அதைச் செய்யச் சொல்வார்கள். மார்ஜினல் ஜோன் வகையில், மற்றவை இயல்பாக இருந்தால் நான் வற்புறுத்துவதில்லை. பரவலைக் குறிக்க 2007இல் வகுத்த டி1 (ஒரே தடிப்பு), டி2 (ஒரு பகுதியிலோ அடுத்தடுத்த இரு பகுதிகளிலோ பல தடிப்புகள்), டி3 (பரவலான தடிப்புகள்) என்ற பிரிவுகள் உள்ளன. மேல்முதுகும் மேற்கையும் அடுத்தடுத்த பகுதிகள் என்பதால் உங்கள் தந்தை டி2இல் வர வாய்ப்புண்டு.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு என்னால் இயன்ற நேரடியான பதில் இது. ஸ்கேன் சுத்தமாக இருந்து இந்த நோயறிதல் உறுதியானால், மருத்துவர்கள் இதை லிம்போமாக் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நோயறிந்த ஐந்தாண்டுக்குள் இந்த நோயால் இறப்பவர்கள் நூற்றில் ஒருவர் அளவே. 2018இல் புதுப்பித்த வகைப்பாட்டில் மார்ஜினல் ஜோன் வகைக்கு 99 விழுக்காடும், ஃபாலிக்கிள் சென்டர் வகைக்கு 95 விழுக்காடும் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு என்று கொடுத்திருக்கிறார்கள். முதியவர்களின் கால்களில் பெரும்பாலும் வரும் பெருஞ்செல் வகைக்கு அதே எண் 56. இந்த இடைவெளியைக் கருதித்தான் பிசிஎல்-2, மம்-1, ஐஜிஎம் ஆகிய சாயங்களை விடாமல் போட்டு அந்த மூன்றாவது வகையை விலக்குகிறோம். தோலிலேயே திரும்பி வருவது வேறு: மார்ஜினல் ஜோன் வகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது நிகழ்கிறது. திரும்பி வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை.

பெயரைப் பற்றி ஒன்று. 2022இல் இரண்டு வகைப்பாடுகள் வெளிவந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு இதை லிம்போமா என்றே அழைக்கிறது. சர்வதேச ஒருமித்த வகைப்பாடு "லிம்போசைட் பெருக்கக் கோளாறு" என்று பெயரை மாற்றிவிட்டது. ஆபத்து இவ்வளவு குறைந்த ஒன்றுக்குப் புற்றுநோயின் பெயர் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. காப்புறுதிக் கோரிக்கை அனுப்பும்போது, பெயரை மட்டும் எழுதாமல் அறிக்கையின் முழு வாசகத்தையும் இணையுங்கள். இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு பெயர்கள் எழுதினால், நோய் இரண்டு என்று எண்ணிவிட வேண்டாம்.

தெம்பனிஸ் மகள்

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மருத்துவர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரவில் முதன்முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இன்று துணை அறிக்கை கிடைத்தது. கப்பாவைக் கண்டது இன்-சிட்டு ஹைபிரிடைசேஷன் முறையில்தான். செல்கள் ஐஜிஜி வகை. சிடி5, சிடி10, பிசிஎல்-6, சைக்ளின் டி1 எதுவும் இல்லை. பிசிஎல்-2 உண்டு, மம்-1 பிளாஸ்மா செல்களில் மட்டும். குழப்பம், ஐஜிஹெச், ஐஜிகே என்ற இரு எதிர்ப்புப் புரத மரபணுக்களைப் பார்க்கும் பிசிஆர் சோதனையில். "ஐஜிஹெச்: ஒற்றைக் குலம் காணப்படவில்லை. ஐஜிகே: ஒற்றைக் குலம் காணப்பட்டது" என்கிறது. ஒன்று ஆம், ஒன்று இல்லை என்றால் எதை நம்புவது? மூன்றாவது முறை திசு எடுக்கக் கேட்க வேண்டுமா? அப்பா ஊசி, கத்தி என்றாலே தயங்குகிறார்.

நுண்ணோக்கி

இரண்டையும் நம்பலாம். ஒவ்வொரு பி செல்லும் தன் எதிர்ப்புப் புரத மரபணுவை வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு நீளத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பிசிஆர் அந்த நீளத்தைத்தான் அளக்கிறது. எல்லாரும் ஒரே குலமென்றால் ஒரே நீளம் ஓங்கி நிற்கும். முளைமையத்தைக் கடந்து வந்த செல்கள் ஐஜிஹெச் மரபணுவில் பல எழுத்துகளை மாற்றியிருப்பதால், சோதனையின் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டு அங்கே ஒட்டாமல் போவது உண்டு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஐஜிகேயையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆகவே ஒன்றில் இல்லை என்று வந்தது நோய் இல்லை என்பதாகாது. மறுபக்கம், பி செல்கள் மிகக் குறைவாக உள்ள திசுவில் தற்செயலாக ஒரு நீளம் ஓங்கித் தோன்றுவதும் உண்டு. போலி லிம்போமாவிலும் சில வேளை ஒற்றைக் குலம் வரும். எனவே சோதனையை இருமுறை ஓட்டி இரண்டிலும் அதே நீளம் வந்ததா என்று மட்டும் கேளுங்கள். பிசிஆர் தனித்து நின்றால் நான் இவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன். கப்பா மட்டும் என்ற முடிவும், திசுவின் அமைப்பும், மற்றச் சாயங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

மூன்றாவது முறை வெட்டுவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. முதலில் சீவி எடுத்த துண்டு மெழுகுக் கட்டியாக அந்த ஆய்வகத்தில் இன்னும் இருக்கும், அவற்றை உடனே எறிந்துவிட மாட்டார்கள். அதை இப்போதைய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி, அதிலும் ஐஜிகே பிசிஆர் செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு துண்டுகளிலும் அதே நீளம் வந்தால் அது மிக வலுவான சான்று. தற்காலிகமாகத் திரண்ட கூட்டம் அப்படி நிலைத்திருப்பது அரிது. ஃபார்மலினில் ஊறிய பழைய திசுவில் டிஎன்ஏ துண்டுதுண்டாகி இருக்கலாம், முடிவு வராமல் போனாலும் இழப்பொன்றுமில்லை. மூன்றும் அடுத்தடுத்து வந்த தடிப்புகளா, அல்லது ஒன்றே திரும்பி வந்ததா என்பதையும் விண்ணப்பத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனையோ ஸ்லைடுகளின் முன் மருத்துவர்கள் தடுமாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

தெம்பனிஸ் மகள்

இன்று காலை கேட்டுவிட்டேன், நுண்ணோக்கி அம்மா. பழைய மெழுகுக் கட்டியைப் பெறச் சம்மதப் படிவத்தில் அப்பா கையொப்பமிட்டார். வெட்ட வேண்டியதில்லை என்றதும் அவரே பேனாவைக் கேட்டு வாங்கினார். வரும் வியாழக்கிழமை பெட்-சிடி. ஹெப்படைடிஸ் பி சோதனைக்கும் அன்றே இரத்தம் எடுப்பார்கள். நேற்றிரவு கைவிளக்கை வைத்து முதுகையும் தலையையும் தடவிப் பார்த்ததில், வலது தோள்பட்டைக்குப் பின்னே நாங்கள் இதுவரை கவனிக்காத சிறிய தடிப்பு ஒன்று விரலில் பட்டது. நிறம் எதுவும் தெரியவில்லை. தேதியிட்டுப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறேன்.